கிரில் கம்பிக்கு ஏற்ற பிரஷ்

கீழ்புத்துப்பட்டில் ஈசிஆர் ஓரமாக ஜான்சியும் யுவராணியும் மீன் சுட்டு விற்கும் கடை போட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஜான்சி அதற்கு முன் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள். யுவராணி மீனவக் குப்பத்துப் பெண். மீன் எடுத்து வருவது அவள் பொறுப்பு. ஆரோவில்லை விட்டு சொந்த நாட்டுக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தந்துவிட்டுப் போன கிரில் அடுப்பை நம்பித்தான் கடையே நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தவர் ஒருவர், சங்கரா மீனை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"மீன் ஃப்ரெஷ்ஷாதான் இருக்குது. ஆனா போன வாரத்து மீனும் சேர்ந்து வருதும்மா."

யுவராணியின் முகம் சுண்டிப்போனது. அடுப்புக் கம்பிகளில் எண்ணெயும் மீன்தோலும் கருகித் தாராகப் படிந்திருந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள்; விரல்தான் எரிந்தது.

மறுநாள் காலை கம்பித்தட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மரக்காணத்துக்கு பஸ் ஏறினார்கள். ஹார்டுவேர்ஸ் கடைக்காரர் தேவநாதன், சாக்கைப் பிரித்ததும் பதறினார்.

"ஏம்மா, இதை இன்னாத்துக்குத் தூக்கினு வந்தீங்க?"

"தேய்ச்சிப் பாத்துதாண்ணே வாங்குவோம்," என்றாள் ஜான்சி. "புடவைன்னா மேல வெச்சிப் பாக்கறதில்ல?"

முதலில் துரு சுரண்டுகிற இரும்பு பிரஷ். நாலு இழுப்பில் கரி பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதாங்க்கா! வா, போலாம்," என்று குதித்தாள் யுவராணி.

ஜான்சி ஈரத்துணியால் கம்பியைத் துடைத்துப் பார்த்தாள். பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த, மயிரிழை போல ஒரு கம்பித்துண்டு துணியில் குத்தி நின்றது.

"இது மீன்ல ஒட்டிக்கினா இன்னாடி ஆவும்? முழுங்கிட்டாங்கன்னா?"

யுவராணி அந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் பிய்ந்து பிய்ந்து வந்தது. பிளாஸ்டிக் பிரஷ் சூட்டுக்கு உருகிவிடும். பெயிண்டர்கள் சுவரைச் சுரண்டும் இரும்புத் தகடு மேல்கரியை அழகாக வழித்தெடுத்தது; ஆனால் கம்பிகளின் இடுக்கில் நுழையவில்லை.

யுவராணி கடை மூலையில் தேடி, தேங்காய் நார் பிரஷ் ஒன்றை இழுத்து வந்தாள். தரை தேய்க்கிறது, முரட்டு நார். இதற்குள் தேவநாதனுக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. பக்கத்து டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து, வாசலில் கிடந்த கம்பித்தட்டின் மேல் அவரே ஊற்றினார். யுவராணி அழுத்தித் தேய்க்க, இடுக்கில் இருந்த கறுப்பெல்லாம் கரைந்து ஓடியது. ஓடி, கடைக்குள்ளேயும் புகுந்தது.

"ஐயய்யோ, ஒயிட் சிமென்ட் மூட்டை!" என்று தேவநாதன் அலறினார்.

மூன்று பேருமாக மூட்டைகளை நகர்த்தினார்கள். அதே பிரஷ்ஷால் கடைத் தரையையும் கழுவி முடித்தபோது, முட்டிவரை கரியோடு நின்ற தேவநாதனைப் பார்த்து யுவராணி சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கடை தொறந்தன்னிலேந்து தரை இவ்ளோ வெள்ளையா இருந்ததில்லம்மா!"

அன்று சாயங்காலம் கம்பி சூடாக இருக்கும்போதே, வாங்கி வந்த இரும்புத் தகட்டால் வழித்து, வெந்நீரில் நனைத்த நார் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் தடவி மீனை வைத்தார்கள். யுவராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். தோல் கிழியாமல் முழுசாகப் புரண்டது மீன்.

வேனில் வந்திறங்கிய குடும்பம் ஒன்று முள்ளை மட்டும் மிச்சம் வைத்தது. "இன்னும் நாலு போடுங்கம்மா," என்றார் அந்த வீட்டுப் பெரியவர்.

ஜான்சி கூடையைத் திறந்தாள். காலி.

"யுவா, மீன்..."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு யுவராணி அதற்குள் கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.