எண்ணெய் குடித்த வாட்ச்

எந்த நோய்க்கும் எண்ணெயே மருந்து என்று நம்புகிறவனிடம் போய் யாராவது வாட்சைக் கொடுப்பார்களா? மச்சான் கொடுத்தார். தையல் மெஷின் மெக்கானிக்கான தங்கை புருஷன் மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

மச்சான் ஓட்டப் பந்தயக் கோச். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோய், இப்போதுதான் எழுந்து நடக்கிறார். மாடி வராந்தாவில் லிஃப்ட் வாசலிலிருந்து கோடி ஜன்னல் வரை போய்த் திரும்புவதுதான் இன்றைக்கு அவருடைய மைதானம். அதை அளக்க, சாவி கொடுக்கிற அந்தப் பழைய ஸ்டாப்வாட்ச் கைக்கடிகாரம்தான் வேண்டும். மணி பார்க்க அதைத் தொடமாட்டார், நடைக்கு மட்டும்தான். மேல் பொத்தானை அமுக்கினால் நீள முள் நிமிஷத்துக்கு ஒரு சுற்று ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அமுக்கினால் பன்னிரண்டுக்குத் திரும்பும். திரும்புகிற வேலையில்தான் முள் மக்கர் பண்ணியது.

"மாப்பிள்ளை, உன்னால முடியுமா, இல்ல கடையில குடுத்துடலாமா? கூச்சப்படாம சொல்லு" என்றார்.

"இதுக்குப் போய் கடையா மச்சான்? நான் எதுக்கு இருக்கேன்?"

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. அது அண்ணன் உசிரு. தெரியாதுன்னு சொன்னா தலையில இருக்கிற கிரீடமா இறங்கிடும்?"

இறங்கித்தான் விடும் என்று அவன் நினைத்தான். வாட்சைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தான். உள்ளே இருந்தது எதுவும் அவனுக்குப் பிடிபடவில்லை. அப்போதாவது மூடியிருக்கலாம். ஆனால் மச்சானிடம் போய் "முடியல" என்று சொல்ல வாய் வருமா? மெஷின் எண்ணெயை எடுத்தான். பல்சக்கரத்துக்கு ஒரு சொட்டு, அச்சுக்கு ஒரு சொட்டு, முடி மாதிரி ஒரு சுருள் கம்பி துடித்துக்கொண்டிருந்தது, அதற்கும் ஒரு சொட்டு. சொட்டு விடக் கூடாத இடம் என்று ஒன்று இருக்கும் என்பதே அந்த மண்டையில் ஏறவில்லை.

பொத்தானை அமுக்கினான். முள் டக்கென்று பன்னிரண்டுக்குத் தாவியது! அடேயப்பா, அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. டீ வாங்கி வந்து குடித்து முடிப்பதற்குள் வாட்ச் சுவர்க் கடிகாரத்தை முந்தியிருந்தது. அதையும் பார்த்தான். எண்ணெய் விட்ட தையல் மெஷின் முதலில் கொஞ்சம் எண்ணெய் கக்கும், கழிவுத் துணியில் ஓட்டினால் படிந்து சரியாகிவிடும். இதுவும் போகப் போகப் படிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

"உன் புருஷன் கைராசிக்காரன்மா" என்று மச்சான் தங்கையிடம் சொன்னார். அதையும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டான்.

ஒரு வாரம் கழித்து, அண்ணனைப் பார்க்கப் போன மனைவி அழுத கண்ணோடு பட்டறைக்குள் வந்தாள்.

"அண்ணன் நடக்கிறதை விட்டுட்டாருங்க. நாளுக்கு நாள் நேரம் கூடிக்கிட்டே போகுதாம். உடம்பு மறுபடி விழப்போகுது, இனி எதுக்கு இந்தப் பாடுன்னு படுத்துட்டாரு. இது உங்ககிட்டயே இருக்கட்டுமாம்." வாட்சை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

 அவன் போனில் ஒரு நிமிஷத்துக்கு அலாரம் வைத்து, பக்கத்தில் வாட்சை ஓடவிட்டான். போன் அடிப்பதற்குள் நீள முள் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றில் பாதிக்குப் போயிருந்தது. மூடியைத் திறந்தான். எண்ணெய் பரவி, சுருள் கம்பியின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

யாருக்கும் தெரியாமல் பெட்ரோலில் கழுவிவிடலாம். சரியானால் மச்சான் நேரம் தானாகக் குறையும், அவரும் எழுந்துவிடுவார், கைராசியும் அப்படியே இருக்கும். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. இடுக்கியை எடுத்தும்விட்டான். விழுந்த குழியையே மறுபடி தோண்டப் போகிறேனே, நானெல்லாம் மனுஷனா என்று அவனுக்கே தன் மேல் காறித் துப்பலாம் போல வந்தது. திறந்த வாட்சை அப்படியே ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

மச்சான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மச்சான், நீங்க மெதுவாகல. வாட்ச்தான் தாறுமாறா ஓடுது. கண்ட எண்ணெயையும் விட்டு நான்தான் கெடுத்தேன்."

அவர் திரும்பினார். "குடுக்கிறப்பவே தெரியுமா?"

பக்கத்தில் மனைவி நின்றாள். பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியும் மச்சான்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டுவார், அறைவார் என்று அவன் கூனிக் குறுகி நின்றான். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் புண்ணியமாகப் போயிருக்கும்.

"கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன் மாப்பிள்ளை" என்றார் மச்சான்.  பிறகு வலது கையை நீட்டினார். "தூக்கி விடு."

வராந்தாவில் லிஃப்ட் வாசலில் நின்றதும் அவன் தயங்கினான். "எதை வச்சு அளக்கிறது? போனை எடுக்கவா?"

"வாய் இருக்குல்ல? எண்ணு. சத்தமா எண்ணு. இதுக்காவது எண்ணெய் விடாதே."

மச்சான் காலை இழுத்து இழுத்துக் கிளம்பினார். ஒண்ணு, ரெண்டு என்று அவன் எண்ணிக்கொண்டே பின்னால் போனான். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. கோடி ஜன்னலை நெருங்கும்போது, இழுபடும் அந்தக் காலைப் பார்த்து எண்ணிக்கை நின்றுபோனது.

"நிறுத்தாதேடா" என்றார் மச்சான், திரும்பிப் பார்க்காமல். "நான் இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கேன்."