பாடகர் மறந்த வரி

கண்ணாடிக் கடைக்காரிக்கு அன்று காலை வயிறு எரிந்தது. பதினெட்டு வருடமாக அவள் தலையில் வைத்துக் கொண்டாடிய பாடகர், ஆளுங்கட்சி மேடையில் ஏறி ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசியில் அதைப் பார்த்த அதிர்ச்சியில், யாருடைய மூக்குக் கண்ணாடிக்கோ மாட்டவேண்டிய கடுகளவு திருகாணி நழுவி மேசைக்கடியில் ஓடிவிட்டது.

அந்தக் கட்சியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவர்கள் ஆட்சியில்தான் அவள் தெரு நூலகத்துக்குப் பூட்டு விழுந்தது. அவள் கொடுத்த மனுவுக்கு மூன்று மாதமாகியும் மூச்சுப் பேச்சில்லை.

சனிக்கிழமை அந்தப் பாடகருடைய கச்சேரி. நாத்தனாரும் அவளும் போவதாக டிக்கெட் கூட வாங்கியாயிற்று.

"நான் வரல. நீ வேற யாரையாவது கூட்டிட்டுப் போ" என்றாள்.

நாத்தனார் பள்ளிக்கூட டீச்சர். ஆளுங்கட்சி என்றால் உயிர். "என்ன அண்ணி, நேத்து வரைக்கும் தேனா இருந்த குரல் இன்னைக்கு விளக்கெண்ணெய் ஆயிடுச்சா?"

"வாயை மூடுடி."

ஆனால் சனிக்கிழமை முதலில் தலைவாரி நின்றவள் அவள்தான். "உனக்குத் துணைக்குத்தான் வரேன்."

நான்காவது வரிசை. முதல் இரண்டு பாட்டுக்கும் கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறியை முறைத்தாள். மூன்றாவது பாட்டில் கால் பெருவிரல் துரோகம் செய்துவிட்டது. ஐந்தாவது, அவள் கடையில் தினமும் ஓடும் பாட்டு. அதில் சரணத்துக்கு நடுவே பாடகருக்கு வரி மறந்துபோனது. வாத்தியக்காரர்கள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். அரங்கமே தவித்தது. அவளைக் கேட்காமலே அவள் வாய் அந்த வரியைப் பாடிவிட்டது.

"யாருங்க அது? காப்பாத்துனீங்க!" என்றார் பாடகர்.

எழுந்து நின்றாள். நின்றதுதான் நின்றோம் என்று, "நீங்க ஓட்டுக் கேட்ட ஆளுங்க எங்க நூலகத்தப் பூட்டி வச்சிருக்காங்க. திறக்கச் சொல்லுங்க!" என்று ஒரு போடு போட்டாள்.

பாதி அரங்கம் கைதட்டியது; பாதி உச்சுக்கொட்டியது. நாத்தனார் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாடகர் தலையைச் சொறிந்தார். "கண்டிப்பா சொல்றேன்கா. மறந்துட்டா நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்!"

இப்போது மொத்த அரங்கமும் சிரித்தது, அவளும்தான். மீதிக் கச்சேரி முழுக்கத் தாளம் போட்டாள்.

"என் மானத்த வாங்கிட்டீங்க அண்ணி" என்றாள் பேருந்தில் நாத்தனார்.

"உங்க கட்சிக்கு மானம் வேற இருக்கா?"

சண்டை மும்முரத்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார்கள். திரும்பி நடக்கும்போது நாத்தனார் அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். சுதி எங்கோ போனது. அண்ணி பொறுக்கமாட்டாமல் சேர்ந்து பாடினாள்.