மூன்றாம் காட்சியில் எடுத்த படம்

கல்லூரிக் கலை மன்றத் தேர்தலில் அவள் நின்றது செயலாளர் பதவிக்கு. பதினொரு ஓட்டில் தோற்றாள். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாத மன்றத் தலைவன், யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு பதவியை எடுத்து அவள் தலையில் கட்டினான்: புகைப்படக்காரர் மற்றும் வரலாற்றாளர். மன்றத்தில் நடப்பதையெல்லாம் படம் எடுக்க வேண்டும். வருடக் கடைசியில் அதையெல்லாம் புத்தகமாக எழுதித் தர வேண்டும்.

"செயலாளர் யாருன்னு அடுத்த வருஷம் எவனுக்கும் ஞாபகம் இருக்காது. நீ எழுதுறதுதான் நிக்கும்," என்று ஐஸ் வைத்தான். அவளும் மயங்கித்தான் போனாள். இரண்டே மாதத்தில் கல்லூரியே அவளைக் 'கேமராக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தது.

அந்த வருடம்தான் தங்கையும் அதே கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. மன்றத்து நாடகத்துக்கு ஆள் எடுத்தபோது சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள், கதாநாயகியாகத் திரும்பி வந்தாள். கேமராக்கா இரண்டு வருடம் அதே நாடகக் குழுவில் தவம் கிடந்து கண்ட பலன், கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பதும் நாற்காலி நகர்த்துவதும்தான்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம்பொண்ணு கதாநாயகி!" என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டாள். 'எம்பொண்ணு' என்பது ஒருமை என்று அன்றுதான் பெரியவளுக்கு உறைத்தது.

போதாக்குறைக்கு, தங்கைக்கு வசனம் சொல்லிக் கொடுக்கும் வேலையும் அவளுக்கே வந்தது. தங்கைக்கு வருவதற்கு முன்னால் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு சனிக்கிழமை மதியம் நாடகம். இடிக்கப் போகிற வீட்டைவிட்டு வர மறுக்கும் ஒருத்தியின் கதை. மூன்றாம் காட்சியில் அவள் சாவியை நீட்டி, "இந்தா, பூட்ட எனக்கு மனசு வரல. நீயே பூட்டிக்கோ," என்று சொல்ல வேண்டும்.

தங்கை சாவியை நீட்டினாள். வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை.

மேடைக்குக் கீழே, நான்கடி தூரத்தில், கேமராவோடு முட்டி போட்டிருந்தாள் அக்கா. தங்கையின் கண் அரங்கம் முழுக்க அலைந்து, கடைசியில் அவள்மேல் வந்து நின்றது. 'இந்தா' என்று உதட்டை அசைத்திருந்தால் போதும். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

ஐந்தாறு நொடி கழித்து, திரைக்குப் பின்னாலிருந்து செயலாளர் எடுத்துக் கொடுக்க, நாடகம் நகர்ந்தது.

அந்தப் படத்தை வருடப் புத்தகத்தில் முழுப் பக்கத்துக்குப் போட்டு, 'கதாநாயகி வசனம் மறந்த தருணம்' என்று கீழே எழுதுவதாக அவள் திட்டம். பொய்யா சொல்கிறோம், வரலாறுதானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் மன்ற அறைக் கணினியில் தலைவன் முந்திக்கொண்டு அதைப் பார்த்துவிட்டான்.

"எல்லாரும் இங்க வாங்க! அந்தக் கண்ணப் பாருங்க. என்னா நடிப்பு!"

அட்டைப்படமே அதுதான் என்று முடிவானது. ஒரே வாரத்தில் கல்லூரி வாசலில் ஆளுயரத்துக்கு நின்றது. அம்மா ஒரு பிரதி வாங்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். பார்த்தவர்கள் தங்கையைப் புகழ்ந்து ஓய்ந்த பிறகு, "படமும் நல்லா வந்திருக்கு," என்றார்கள்.

படம் மாட்டிய அன்று சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் தங்கை வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அது நடிப்பு இல்லன்னு உனக்குத் தெரியும்ல? நான் உன்னத்தான் பார்த்தேன். நீ என்னடான்னா படம் புடிக்கிற."

"என் வேலைடி அது."

"சும்மா கத விடாத."

கேமராக்கா மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். "பொறாமைதான்," என்றாள். "நீ மாட்டிக்கிட்டு முழிக்கணும்னு இருந்துச்சு. ரெண்டு வருஷமா எனக்கு ஒரு வரி தரலடி அவங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் தங்கை. "மறந்ததுகூடப் பெருசில்லக்கா. நீ பார்த்துக்கிட்டே இருந்த பாரு..." முடிக்காமல் எழுந்து போனாள். மூன்று நாள் பேசவில்லை.

நான்காம் நாள் அக்கா, வருடப் புத்தகத்துக்கென்று எழுதிய ஒரு தாளை அவளிடம் நீட்டினாள். 'மூன்றாம் காட்சியில் கதாநாயகிக்கு ஒரு வரி மறந்துபோனது. அந்த வரி தெரிந்த புகைப்படக்காரர் நான்கடி தூரத்தில் இருந்தும் சொல்லிக்கொடுக்கவில்லை, படம் எடுத்தார். அட்டையில் இருப்பது அந்தப் படம்.'

தங்கை இரண்டு தடவை படித்தாள். "உன்னத் திட்டிக்கோ. என்னை எதுக்கு மாட்டி விடுற? ஊரே நடிப்புன்னு நம்பிட்டு இருக்கு. மொதல் வரிய எடு."

"அத எடுத்தா மத்ததுக்கு அர்த்தமே இல்லடி."

தங்கை அந்த வாக்கியத்தில் விரலை வைத்தாள். "அப்ப 'ஒரு வரி'ன்னு போடாத. 'ஒரு சொல்'லுன்னு போடு."

வரலாற்றாளர் அந்த ஒரு இடத்தில் மட்டும் பொய் எழுதினார். தலைவன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். என்றாலும் பக்கம் அப்படியே அச்சுக்குப் போனது.

பொறாமை அதோடு தீர்ந்ததா என்றால், தீரவில்லை. அடுத்த நாடகத்திலும் தங்கைதான் கதாநாயகி. கேமராக்கா இந்த முறை முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். தங்கை ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. ஒரு சொல்லும் தவறவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியபோது அக்காவுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. இரண்டையும் சுமந்துகொண்டு படம் எடுத்தாள். பாதிப் படம் ஆடிப்போயிருந்தது.