பத்தமடைச் சாலையில் ஒரு சத்தம்

சத்தம் கேட்ட பிறகுதான், தான் தூங்கியிருந்தது முஃபீதாவுக்குத் தெரிந்தது. ஸ்கூட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இடதுபக்கம் வாழைத்தோட்டம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டிருந்தது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடிக்க, அவள் பதறி வண்டியைச் சாலைக்குத் திருப்பி முறுக்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. சேரன்மகாதேவியில் வீட்டு வாசலுக்கு வந்துதான் நின்றாள்.

இடதுபக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. பிரேக் கம்பியில் வாழையிலைக் கிழிசல் ஒன்று சிக்கியிருந்தது.

"என்ன புள்ள, முகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்று உம்மா அலிமா பீவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல உம்மா. கண்ணாடி வாழையில இடிச்சிட்டு."

முஃபீதா திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். அந்த வாரம் இரண்டு நாள் காலை டூட்டி, ஒரு நாள் மதியம், அப்புறம் தொடர்ந்து மூன்று இரவு; அன்று ராத்திரி நாலாவது. இரண்டு நர்சுகள் வேலையை விட்டுப் போன பிறகு எல்லோருக்கும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பகலில் மூன்று மணி நேரம் தூங்கினாலே அவளுக்கு அது நல்ல நாள்.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தாள். கண்ணை மூடியதும் அந்தச் சத்தம் கேட்டது. வாழைமரத்தில் இடித்தால் அப்படிக் கேட்குமா? முதலில் மெத்தென்று ஒன்று, பிறகு இரும்பு தரையில் விழுவது போல ஒன்று. வாழைக்கு ஏது இரும்பு?

தலையில் அடிபட்டவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். முதலில் நன்றாகப் பேசுவார்கள். காப்பி கேட்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி எடுப்பார்கள். அப்புறம் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். மணி பார்த்தாள். சத்தம் கேட்டு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு, உம்மாவிடம் மருந்துக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். இடம் இருந்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமோ என்று பயம்.

பத்தமடைக்கு முன்னாலேயே இறங்கி நடந்தாள். சாலை ஓரத்தில் வாழையிலைகள் வண்டிகள் ஏறி நசுங்கிக் கிடந்தன. பக்கத்துப் பெட்டிக்கடையில் முன்சக்கரம் வளைந்த சைக்கிள் ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

"இங்கன யாரும் விழுந்தாங்களா அண்ணாச்சி?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"நம்ம சிவசைலம். எலைக்கட்டோட விழுந்துட்டாரு. தலை சுத்தியிருக்கும், வயசாச்சுல்லா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ."

"பேசினாரா?"

"நல்லாப் பேசிக்கிட்டுத்தான் போனாரு."

கடைக்காரர் ஆறுதலாகத்தான் சொன்னார். முஃபீதா மறுபடி மணி பார்த்தாள்.

அரசு ஆஸ்பத்திரி அவள் வீட்டுக்குப் போகும் வழியில்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நேரே வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் தோன்றியது. ஹாரன் அடித்த பஸ்காரர்கூட நின்று எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. எல்லோரும் தலைசுற்றல் என்றே நம்புகிறார்கள். நிறுத்தம் வந்ததும் இறங்கி, வேகமாக உள்ளே போனாள்.

சிவசைலத்துக்கு அறுபது வயதிருக்கும். நெற்றியில் பிளாஸ்திரி, வலது கையில் கட்டு. பக்கத்தில் நின்ற மகள் பிரேமலதாவோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தலை சுத்தல பிள்ள. ஏதோ வந்து தட்டிச்சு."

"தட்டின வண்டி எங்கப்பா போச்சு? விடியுமுன்ன எந்திச்சு வெறும் வயித்தோட எலை அறுத்தா தலை சுத்தாம என்ன செய்யும்? இனிமே சைக்கிளைத் தொடக் கூடாது."

முஃபீதா கட்டிலருகே போய், தன்னை அறியாமலே அவர் கண்களை உற்றுப் பார்த்தாள். "வாந்தி வந்துச்சா ஐயா? தூக்கம் தூக்கமா வருதா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"நீங்க இங்க நர்ஸா?" என்று பிரேமலதா மரியாதையாகக் கேட்டாள். "கொஞ்சம் நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"இங்க இல்லக்கா." முஃபீதா பிரேமலதாவின் பக்கம் திரும்பினாள். "அவங்களுக்குத் தலை சுத்தல. நான்தான் ஸ்கூட்டில வந்து தட்டிட்டேன். நைட் டூட்டி முடிஞ்சு வந்தேன். ஓட்டும்போதே தூங்கிட்டேன்."

பிரேமலதா அவளையே பார்த்தாள். "குடிச்சிருந்தேன்னு சொன்னா போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பேன். தூங்கிட்டேன்னு சொல்லுத. நான் என்ன செய்ய?" பிறகு குரல் மாறியது. "நிக்கக்கூட இல்லையே நீ."

"நிக்கல" என்றாள் முஃபீதா.

"தட்டிச்சுன்னு நான் சொன்னேம்லா" என்றார் சிவசைலம் மகளிடம். அதில் ஒரு திருப்தி இருந்தது. முஃபீதாவின் பக்கம் திரும்பியதும் அது போய்விட்டது. "ஒரு ஆளு கெடக்கான்னு திரும்பிப் பாக்காமப் போயிட்டியேம்மா."

முஃபீதா போய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். மயக்கத்துக்காகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், தலைக்கு ஸ்கேன் எடுக்க எழுதினார். படத்தில் ரத்தக்கசிவு இல்லை. ஆனாலும் ஒரு நாள் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மூன்று மணிக்குப் பிரேமலதா பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவரப் போக வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லை.

"நான் வார வரைக்கும் இங்கனயே இரு" என்றாள் முஃபீதாவிடம். "தூங்கிராத."

முஃபீதா ஸ்டூலில் உட்காராமல் நின்றே இருந்தாள். கால்மணிக்கொரு தரம் அவர் நாடியைப் பார்த்தாள். அவர் கண் அசந்தால் எழுப்பிப் பெயர் கேட்டாள். "சிவசைலம்தாம்மா, மாறல" என்றார் அவர் நாலாவது தடவை.

இடையில் தன் ஆஸ்பத்திரியின் நர்சிங் மேற்பார்வையாளர் ஜெபஸ்டினுக்குப் போன் செய்தாள். "இன்னைக்கு நைட்டுக்கு வர முடியாது சார். வண்டியில தூங்கி ஒருத்தரை இடிச்சிட்டேன்."

"அவரு எப்படி இருக்காரு?"

"மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருக்கு."

"டூட்டி போட்டது நான்தானே" என்றார் ஜெபஸ்டின். "நாளைக்கும் வராத. அப்புறம் பேசுவோம்."

அது இரக்கமா, வேலை போய்விட்டதன் அறிகுறியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிரேமலதா திரும்பி வந்ததும் முஃபீதாவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு தன் நம்பரையும் கொடுத்தாள். "போய்த் தூங்கு" என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

முஃபீதா வீட்டுக்குப் போய் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அப்புறம் பதினாலு மணி நேரம் தூங்கினாள். விழித்ததும் முதலில் பிரேமலதாவுக்குத்தான் போன் செய்தாள்.

"இட்லி தின்னுட்டு எல்லாரையும் ஏசுதாரு" என்றாள் பிரேமலதா. "ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாதாம். எலை அறுக்க ஆளில்ல."

வேலை போகவில்லை. ஜெபஸ்டின் இரண்டு இரவுக்கு மேல் யாருக்கும் தொடர்ந்து போடுவதில்லை என்று பட்டியலை மாற்றினார். ஆட்கள் சேராததால், அது எத்தனை வாரம் தாங்கும் என்று அவருக்கே தெரியாது. முஃபீதா இப்போது பஸ்ஸில்தான் வருகிறாள். சேரன்மகாதேவி வந்ததும் எழுப்பிவிடச் சொல்லிக் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு உட்காருகிறாள். ஆனால் பத்தமடை வரும்போது கண் தானாகவே விழித்துக்கொள்கிறது.