முன் ஸ்க்ரூவின் மேல் ஒரு கோடு

துப்பாக்கி சுடும் கிளப்பில் அவருக்குத் திருப்புளி என்று பெயர். உட்கார்ந்திருக்கும் நாற்காலி லேசாக ஆடினாலும், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் குனிந்து திருகாணியை முடுக்குகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சொந்தமாக ஒரு லேத்துப் பட்டறை வைத்திருந்தார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாயிண்ட் டூ டூ ரைபிளில், ஐம்பது மீட்டர் தூரத்தில், குப்புறப் படுத்துச் சுடுவதில் டீச்சரை மிஞ்ச அந்தக் கிளப்பில் ஒருவர் உண்டு, மிஞ்சிப் போனால் இரண்டு பேர். சுடுவது டீச்சர், ரைபிளைச் சுட வைப்பது தான் என்று திருப்புளி சொல்லிக்கொள்வார். டீச்சர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வாங்கியபோது இருந்த ரைபிள் இப்போது இல்லை என்பது உண்மைதான். மரக்கட்டையை டீச்சரின் கன்னத்துக்கும் தோளுக்கும் சட்டை தைப்பதுபோல அளந்து செதுக்கியிருந்தார். குழலின் வாயில் மாட்டுகிற எடை வளையம் அவர் பட்டறையிலேயே கடைந்தது. இந்த வகை ரைபிளின் தோட்டா சின்னது. பின்பக்க விளிம்பில் அடி வாங்கி வெடிப்பது. சின்னதுதானே என்று ஏமாறக் கூடாது. பெரிய தோட்டா எதையும் பொறுத்துக்கொள்ளும், இது கோபக்கார விருந்தாளி மாதிரி எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்கும். இதில் மிக மோசம் முன் ஸ்க்ரூ. குழலைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களில் முன்னால் இருப்பது. கொஞ்சம் கூட இறுக்கினால் குழல் விறைத்துக்கொள்ளும், கொஞ்சம் தளர்த்தினால் துள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்றுவிட்டால் ஐந்து தோட்டாவும் ஒரே ஓட்டையில் போகும்.

போன வருடம் கிளப் அணித் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நன்றாக இருந்த ட்ரிகரை இன்னும் கொஞ்சம் லேசாக்கலாமே என்று திருப்புளிக்குத் தோன்றியது. லேசாக்கினார். தேர்வில் டீச்சர் விரலை வைத்த மாத்திரத்தில், அவர் நினைப்பதற்கு முன்பே ஒரு தோட்டா கிளம்பிப் போய்க் கறுப்பு வட்டத்துக்கு வெளியே வெள்ளையில் விழுந்தது. அணியில் அவருடைய இடமும் அதோடு போனது. வீடு திரும்பியதும் டீச்சர் கத்தவில்லை, அழவில்லை. பரீட்சை ஹாலில் காப்பியடித்தவனிடம் பேசுகிற குரலில், "இன்னொரு தடவை என்னைக் கேக்காம கை வெச்சீங்கன்னா, ரைபிளை வேற மெக்கானிக்கிட்ட குடுத்துடுவேன்" என்றார். விவாகரத்து என்று சொல்லியிருந்தால்கூட மனிதர் ஒருவேளை பேரம் பேசியிருப்பார். இதைக் கேட்டதும் உள்ளே போய்க் கருவிப் பெட்டியைப் பூட்டினார்.

இந்த வருடம் அணியில் மூன்று இடம் நிரம்பிவிட்டது, பாக்கி ஒன்றே ஒன்று. அதற்கு டீச்சரும், ஊருக்கே பல் பிடுங்குகிற ஒரு டாக்டரம்மாவும் போட்டி. தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாள் முழுக்க, கிளப்பின் சுடுகளமான ரேஞ்சில் உட்கார்ந்தார்கள். இறுக்கத்தை எண்ணில் காட்டுகிற டார்க் ரென்ச்சில் ஓர் எண்ணை வைத்து இறுக்குவது, அஞ்சு தோட்டா சுடுவது, ஒரு துளி தளர்த்துவது, மறுபடி அஞ்சு. கடைசியில் எந்த எண்ணிலும் சேராத, இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் முன் ஸ்க்ரூ நின்றபோது, தோட்டா விழுந்த இடத்தைக் காட்டும் திரையில் ஐந்து புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தன. டீச்சர் கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை ஒரு கோடு இழுத்தார். பின் ஸ்க்ரூவுக்கும் வளையத்துக்கும் அப்படியே. எது திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். "இனி இது கோயில். வெளிய நின்னு கும்பிடலாம்" என்றார்.

மூன்று வாரம் என்பது கை சும்மா இருக்கிறவர்களுக்கு மூன்று வாரம். திருப்புளிக்கு அது ஒரு யுகம். குழாயின் வாஷரை மாற்றினார், விசிறியைக் கழற்றி எண்ணெய் விட்டார், அடுத்த வீட்டுக் கேட் கிறீச்சிடுகிறது என்று கேட்காமலேயே போய்ச் சரிசெய்து திட்டு வாங்கினார். டீச்சரும் விவரமானவர். ஆசிரியர் அறையில் ஓடாத சுவர்க் கடிகாரம், கம்பி வளைந்த குடைகள், யாரோ ஒரு டீச்சர் வீட்டு மிக்ஸி என்று தினமும் ஒரு சாமானைக் கொண்டு வந்து, தவழ்கிற பிள்ளைக்கு எதிரே பொம்மை போடுவதுபோலப் போட்டார். எல்லாம் ஒரே சாயங்காலத்தில் ஓட ஆரம்பித்துவிடும். மறுபடியும் அவர் ரைபிள் வைத்திருக்கும் கண்ணாடி அலமாரிப் பக்கம் நடப்பார், கண்ணாடி வழியே கோட்டைப் பார்ப்பார், திரும்பி நடப்பார்.

தேர்வுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அதுவரை பெய்துகொண்டிருந்த மழை நின்று, உடம்பை உலர்த்துகிற காற்று அடிக்க ஆரம்பித்தது. மரம் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் ஸ்க்ரூ பிடி விடும். இது விஞ்ஞானம், யாரும் மறுக்க முடியாது. டீச்சர் விடைத்தாள் திருத்தப் பள்ளிக்கூடம் போயிருந்தார். ரேஞ்சில் நாளைக்கு ஏற்பாடு நடப்பதால் கதவு சாத்தியிருந்தது, சுட்டுப் பார்க்கவும் வழியில்லை. சும்மா பிடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம், அவ்வளவுதான் என்று அலமாரியைத் திறந்தார்.

பிடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் திருப்பித்தான் பார்க்க வேண்டும். திருப்பினார். நகப்பூச்சில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது.

அதைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. உடைந்த கோடு நேராகச் சேரும்படி ஸ்க்ரூவைத் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருக்கத் தெரிந்திருந்தால் அவர் ஏன் திருப்புளி? விரிசல் கண்ணில் படுமே என்று மேஜை இழுப்பறையைத் துழாவி, டீச்சரின் நகப்பூச்சையும் அழிக்கிற திரவத்தையும் எடுத்துவந்து, பஞ்சில் நனைத்து, பழைய கோட்டைச் சுத்தமாகத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, ஸ்க்ரூ நின்ற இடத்துக்கு உலகத்திலேயே இருந்த ஒரே சாட்சி அந்தக் கோடுதான் என்று. ரென்ச்சில் பக்கத்து எண்ணை வைத்து, நினைவிலிருந்த அந்த ஒரு துளியைத் தளர்த்தி, மனசு கேட்காமல் பாதித் துளி இறுக்கி, புதுசாகக் கோடு போட்டார். ஒன்று மட்டும் புதுசாக இருந்தால் வித்தியாசம் தெரியுமே என்று மற்ற இரண்டையும் துடைத்துவிட்டு அதே பூச்சைப் பூசினார்.

ஏணி கேட்க வந்த டீச்சரின் அண்ணன், மடியில் ரைபிளும் கையில் நகப்பூச்சுமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கதவிலேயே நின்றுவிட்டார். அவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், முப்பது வருஷமாக ஸ்க்ரூ விற்கிறவர்.

"என்ன மாப்ள, பட்டறையில வேலை கம்மியா? அழகு நிலையம் ஆரம்பிச்சாச்சா?"

திருப்புளி விஷயத்தைச் சொன்னார். மச்சான் சிரிப்பை நிறுத்திக்கொண்டு முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். தங்கச்சி வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடச் சொன்னார். கடையில் நசுங்கின டப்பாவை நாமே எடுத்துக் காட்டினால் வாங்க வந்தவன் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பான், வாங்கிக்கொண்டு போவான். வீட்டுக்குப் போய் அவனாகக் கண்டுபிடித்தால் அப்புறம் அந்தத் தெருவிலேயே நடக்க மாட்டான் என்று விளக்கினார். திருப்புளி தலையாட்டினார். போட்டிக்கு முந்தின நாள் சொன்னால் அவள் மனசு கலங்கிவிடாதா என்று கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. மச்சான் ஏணியைத் தூக்கிக்கொண்டு, "நான் இங்க வரவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் போகும்போது திருப்புளி மூச்சு விடாமல் பேசினார். கண்ணாடி துடைக்கிற வைப்பர் ரப்பர் தேய்ந்திருப்பது பற்றி, சிக்னல் விளக்குகளின் நேரம் பற்றி, முன்னால் போன லாரியின் அச்சு பற்றி. டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு தடவை மட்டும் திரும்பி, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். டயரில் காற்றுக் கொஞ்சம் கம்மி என்றார் திருப்புளி.

ரேஞ்சில் போட்டி தொடங்குமுன், கணக்கில் சேராத சோதனைத் தோட்டாக்களுக்குக் கொஞ்ச நேரம் தருவார்கள். டீச்சர் பாயில் படுத்தார். பக்கத்துப் பாயில் டாக்டரம்மா. பின்னால் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் திருப்புளி அங்கும் இங்குமாக நடந்தார். டீச்சரின் திரையில் முதல் தோட்டா நடு வட்டமான பத்தில் விழுந்தது, இரண்டாவது மேலே. மூன்றாவது வலது பக்கம் தள்ளி, நான்காவது கீழே, ஐந்தாவது எங்கேயோ. ஒரே ஆள், ஒரே மூச்சு, ஐந்து தோட்டா ஐந்து திசை. டாக்டரம்மாவின் திரையில் புள்ளிகள் குடும்பமாக உட்கார்ந்திருந்தன.

டீச்சர் ரைபிளின் தோட்டா அறையைத் திறந்து வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். ரேஞ்ச் ஆபீசர் தலையசைத்ததும் எழுந்து கம்பிக்கு வந்தார்.

"எதத் தொட்டீங்க?"

"இல்லம்மா, காத்து மாறினதால மரம்..."

"எனக்கு நேரமில்ல. எது?"

"முன் ஸ்க்ரூ."

"எவ்வளவு?"

திருப்புளியின் வாய் ஓர் எண்ணைத் தேடியது. வாழ்நாள் முழுக்க எதைக் கேட்டாலும் எண்ணாகச் சொன்ன மனிதர். "தெரியலம்மா," என்றார். "பழைய கோட்டத் தொடச்சுட்டேன்."

"காலைலயே பாத்தேன். நான் போட்டது கோணல் கோடு. இது ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு." டீச்சரின் குரல் ஏறவில்லை. "வண்டியில சொல்லுவீங்கன்னு பாத்தேன். டயரப் பத்திச் சொன்னீங்க."

திருப்புளி பெட்டியிலிருந்து டார்க் ரென்ச்சை எடுத்து நீட்டினார்.

"அது வேணாம். சாதா ஆலன் கீ."

"அதுல எண்ணே இருக்காதே, எப்படி..."

"குடுங்க."

கொடுத்தார். டீச்சர் பாயில் உட்கார்ந்து, ரைபிளைப் புரட்டி, ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தினார். படுத்து மூன்று சுட்டார். சிதறல் கொஞ்சம் சுருங்கியது. இன்னும் தளர்த்தினார். அந்த இறுக்கத்துக்குக் கீழே திருப்புளி ஒருநாளும் போனதில்லை, போகக் கூடாது என்று பத்து பேருக்காவது பாடம் எடுத்திருப்பார். வேண்டாம் என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்று தோட்டா, மறுபடி ஒரு நூலளவு, மறுபடி மூன்று. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், காய்கறி விலை படிகிற மாதிரி. சோதனை நேரம் முடிய மணி அடிக்கப் போகும்போது மூன்று புள்ளிகளும் ஒரே ஓட்டையில் விழுந்தன. டீச்சர் ஆலன் கீயைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

போட்டியில் அறுபது தோட்டா. திருப்புளி திரையைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனார், வந்தார், வண்டிக்குப் போனார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். பக்கத்தில் நின்ற யாரோ, உங்க வீட்டம்மா இன்னிக்கு வேற மாதிரி சுடறாங்களே, ரைபிளை என்ன பண்ணினீங்க என்று விசாரித்தார். தான் ஒன்றும் பண்ணவில்லை, எல்லாம் அவள் கை என்றார். பிடிபடாமல் அன்றைக்கு அவர் சொன்ன முதல் உண்மை அது.

கடைசிப் பத்துத் தோட்டாவில் டாக்டரம்மா ஒன்றை ஒன்பதில் விட்டார். டீச்சர் விடவில்லை. பலகையில் பெயர்களை ஏற்றியபோது டீச்சர் ஒரு புள்ளி மேலே இருந்தார். அணியின் நான்காவது இடம் அவருக்கு. டாக்டரம்மா வந்து கை குலுக்கி, அடுத்த வருடம் பல்வலியோடு வாருங்கள், சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பும்போது வண்டியை டீச்சர்தான் ஓட்டினார். ரைபிள் பெட்டி பின்சீட்டில் கிடந்தது.

"வேற மெக்கானிக் பாக்கணும்னு சொல்லியிருந்தியே" என்று திருப்புளி மெதுவாக ஆரம்பித்தார்.

"பாத்தாச்சு. இனி முன் ஸ்க்ரூ என் வேலை. மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கலாம், என்கிட்டக் கேட்டுட்டு."

அவருக்கு உயிர் வந்தது. வந்த உயிர் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கவில்லை. "கடைசியா எந்தப் பக்கம் திருப்பின?"

"ரெண்டு பக்கமும்."

"சரி, எத்தனைல நிக்குது?"

"நின்ன எடத்துல நிக்குது."

திருப்புளி கணக்குப் போட்டார். அவர் இத்தனை வருஷம் தேடியும் கிடைக்காத இறுக்கம் பின்சீட்டில் இருக்கிறது. அதன் எண் தெரிய வேண்டுமானால் ரென்ச்சை வைத்துத் திருப்ப வேண்டும். திருப்பினால் அந்த இறுக்கம் போய்விடும். எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் கணக்கு அங்கேயே வந்து முட்டியது.

"அணிப் போட்டி எல்லாம் முடிஞ்சப்புறம், ஒரே ஒரு தடவை, சும்மா அளந்து..."

"என்னங்க."

"சொல்லு."

"எனக்குப் பசிக்குது. நல்ல ஓட்டலா வந்தா நிறுத்தறேன். அது வரைக்கும் ரெண்டு கையையும் மடியில வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்சீட்டில் பெட்டி லேசாகக் குலுங்கிற்று. திரும்பிப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.