மத்தியானத் தண்ணீர்

மேனுகாவை எனக்குப் பிடிக்காது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. என் அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும்.

எழுவைதீவில் எங்களுக்கு மின்சாரம் வெயிலில் இருந்தும் காற்றில் இருந்தும் வருகிறது. இரண்டும் குறைந்து பற்றறியும் இறங்கினால் டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும். தண்ணீர் மோட்டர், அயன் எல்லாவற்றையும் வெயில் நிற்கும்போதே போட்டு முடித்தால் எஞ்சினுக்கும் வேலை குறைவு, புகையும் குறைவு. இதை வீடுவீடாகப் போய்ச் சொல்ல மின்சார சபை இரண்டு பேரைத் தற்காலிகமாக எடுத்தது. ஒருத்தி நான், எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசல் மிதித்த முதல் ஆள். மற்றவள் புங்குடுதீவு மேனுகா. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பம், வெளிநாட்டுப் படிப்பு.

நிரந்தர வேலை ஒருத்திக்குத்தான்.

மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் எவ்வளவு காபனீரொட்சைட்டு என்று படம் கீறிக் காட்டினேன். சொந்த அம்மாவே கேட்கவில்லை. பொழுது சாய்ந்தால் கத்தரிக்குத் தண்ணீர் விட மோட்டரைப் போட்டுவிடுவார். மேனுகா ஒரே ஒரு நாள் வந்தாள். எங்கள் குசினியில் இருந்து தேத்தண்ணீர் குடித்தாள். அடுத்த நாள் அம்மா மத்தியானம் மோட்டர் போட்டார்.

பிறகு சனசமூக நிலையத்தில் கூட்டம். ஆர் சொல்லி மோட்டர் போடும் நேரத்தை மாற்றினீர்கள் என்று சபைப் பொறியியலாளர் கேட்டார். அம்மா எழும்பி மேனுகாவின் பெயரைச் சொன்னார். பக்கத்துக் கதிரையில் நான்.

அயல்வீட்டு நல்லம்மா மாமி என் தொடையில் கிள்ளினார். "கொம்மாவே மற்றப் பக்கமடி. இனி ஆர் உனக்கு?"

அடுத்த நாள் காலை ஊர்காவற்றுறையில் அந்த வேலைக்கு நேர்முகம். கூட்டத்தால் வந்து கோபத்தில் மத்தியானம் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். பொழுது பட்ட பிறகுதான் சாறி ஞாபகம் வந்தது. பருத்திச் சாறி. அயன் காணாவிட்டால் கசக்கிய கடதாசிதான். பாதி முடிப்பதற்குள் அம்மா வந்து வயரைக் கழற்றிவிட்டார்.

"பொழுது பட்டாப் பிறகு அயன் போடக்கூடாதெண்டு மேனுகா சொன்னது."

"நான் சொன்னனானம்மா. மூண்டு மாசமாச் சொன்னனான்."

"நீ எங்கை சொன்னனி? ஏசினனி. அந்தப் பிள்ளை, ஏனன்ரி பின்னேரம் தண்ணி விடுறியள் எண்டு கேட்டது. வெயிலுக்கை விட்டாக் கண்டு அவிஞ்சு போமெண்டன். அப்ப மத்தியானம் தண்ணித் தாங்கியை நிரப்பி வைச்சுப் பின்னேரம் விடுங்கோ எண்டுது. அவ்வளவுதான்."

அந்தத் தாங்கி நான் பிறக்க முன்னரே எங்கள் கிணற்றடியில் இருக்கிறது. அதைப் பார்க்கப் புங்குடுதீவில் இருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது.

வயரைத் திரும்பச் செருகியிருக்கலாம். அன்று காற்றும் விழுந்திருந்தது. நான் கீறிய படம் சுவரில் தொங்கியது. சாறியை மடித்துப் பாய்க்குக் கீழே வைத்து, அதன்மேல் நித்திரையில்லாமல் புரண்டேன்.

காலையில் படகால் இறங்கியபோது சாறியில் பாதி மடிப்பு, பாதி கசங்கல், கரையெல்லாம் உப்புத் தண்ணீர். மேனுகா காரில் வந்தாள். அவளும் பருத்திதான். ஒரு சுருக்கம் இல்லை. சனியன், முதல்நாள் மத்தியானமே அயன் பண்ணி வைத்திருக்கிறாள்.

என்னைக் கண்டதும் கிட்ட வந்தாள். "கோசலா, அன்ரி சுகமோ? உங்கடை கத்தரி காய்ச்சிட்டுதோ?"

உண்மையாகவே கேட்டாள். நான் தினமும் அந்தக் கத்தரிப் பாத்தியைக் கடந்துதான் படலைக்குப் போகிறேன். காய்த்ததா என்று எனக்குத் தெரியாது. வேலை ஆருக்கென்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

"ஓம்," என்றேன்.