டெஸ்டர் வீட்டுப் பால்

மிக்சியை நிறுத்திய பிறகுதான் பெரியதம்பிக்கு உறைத்தது, இதை யாருக்காக அரைத்தோம் என்று. மூன்று நாளாக மனைவி காந்திமதி தண்ணீரில்கூட உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. ஆனாலும் முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் அவர் கை தானாக ஒரு ஆழாக்கு வேர்க்கடலையை, அவர்கள் பேச்சில் மல்லாட்டையை, ஊறப் போட்டிருந்தது. விடிந்ததும் தானாகத் தோலை உரித்தது. பழகிப்போன கைக்கு யார் போய் விஷயத்தைச் சொல்வது?

"இன்னா தம்பி இது? உள்ள அவ மூச்சு இழுத்துக்கினு கெடக்கறா, நீங்க மிக்சி ஓட்டிக்கினு இருக்கீங்க?" காந்திமதியின் அக்கா லட்சுமியம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவள், பையைக்கூட இன்னும் இறக்கி வைக்கவில்லை.

"சட்னி, அக்கா" என்றார் பெரியதம்பி.

யோசிக்காமல் வந்த வார்த்தை. ஒரு வருஷம் எட்டு மாசமாகத் தினம் விடியற்காலையில் இந்த வார்த்தையைச் சொல்லித்தான் அவர் இந்த வீட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

பெரியதம்பி பால் சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் டெஸ்டர். கேனைத் திறந்து கொஞ்சம் மொண்டு எடுத்து லேக்டோமீட்டரை மிதக்கவிட்டாரென்றால், கலந்தது கிணற்றுத் தண்ணியா குழாய்த் தண்ணியா என்றுகூடச் சொல்லிவிடுவார் என்று திண்டிவனம் சுற்று வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. மைத்துனன் கொண்டுவந்த பாலையே திருப்பி அனுப்பியவர். அதனால் இரண்டு வருஷம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. "பொய் சொல்லு, வாங்கிக்கறேன். பால்ல பொய் சொல்லாதே" என்பார். அப்படிப்பட்ட மனுஷன் ரிடையரான பிறகு சொந்தப் பெண்டாட்டிக்கே கள்ளப் பால் கொடுக்கும்படி ஆயிற்று.

காந்திமதிக்குப் புற்றுநோய் என்று விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து குடலில் ஒரு சாண் எடுத்துவிட்டார்கள். வெட்டின இடம் ஆறியது, ஆனால் பால் ஒரு வாய் உள்ளே போனாலும் நாளெல்லாம் வயிறு போயிற்று. பால், தயிர், மோர் எதுவும் இனி ஆகாது என்று டாக்டர் சொன்னதும் அவள் படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "ஒரு டம்ளர் பால் காப்பி இல்லாம உசுரோட இருந்து இன்னா பண்ணப் போறேன்?" கஞ்சியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கண் குழி விழுந்துவிட்டது.

நாலாம் நாள் காலை ஆவி பறக்கக் காப்பி கொண்டுவந்து நீட்டினார். "சங்கத்துல புதுசா ஒரு பாலு வந்துக்கினு இருக்குதும்மே. வயித்துக்கு ஆவாதத எடுத்துட்டுத் தர்றாங்க. தைரியமா குடி." டெஸ்டரே சொன்ன பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவள் வாங்கிக் குடித்தாள். வயிறு போகவில்லை. மத்தியானம் கஞ்சியும் இறங்கியது.

அது மல்லாட்டைப் பால். செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. வாளி அகல மிக்சி வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் பேசினதில் அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் கை செய்தது புரிந்தது. முதலில் தோலோடு அரைத்தார், செம்மண் கரைசலாக வந்தது. பிறகு தோலை நீக்கினார், பச்சை வாடை அடித்தது. கொதிக்க வைத்தார், அடி பிடித்தது. கரண்டி எடுக்காமல் கிளறினார், வாடை போனது. சுடுகிற டிகாஷனில் ஊற்றினார், திரிந்துகொண்டது. ஆறவிட்டு ஊற்றினார், திரியாமல் கலந்துகொண்டது. நாலு டம்ளர் கொட்டிய பிறகு ஐந்தாவது டம்ளர்தான் அவள் கைக்குப் போயிற்று.

பழகப் பழக, தெருவில் வண்டியில் வரும் ரிப்பேர்க்காரனிடம் முந்நூறு ரூபாய் கொடுத்துச் சரிபார்த்த அந்தப் பழைய மிக்சியில் ஒரு பால் பண்ணையே நடத்தினார். முளைகட்டின கேப்பையை அரைத்துப் பிழிந்து சாயந்திரத்துக்கு வெல்லம் போட்ட பால். முந்திரியை ஊறவைத்து, பூண்டும் மிளகும் சேர்த்து வெண்ணெயாக அரைத்து இடியாப்பத்துக்கு வெள்ளைக் குருமா. மல்லாட்டைப் பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து மோர்க்குழம்பு. தேங்காய்ப் பால் மட்டும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை, அதைத் தேங்காய்ப் பால் என்றே சொல்லிக் கொடுத்தார்.

மிக்சி சத்தத்துக்குத்தான் ஒரு வழி வேண்டியிருந்தது. "காலங்காத்தால இன்னா அரைக்கறீங்க?" என்று முன்னறையிலிருந்து அவள் கேட்டாள். "சட்னி" என்றார். சொன்ன பிறகு சட்னி தட்டில் வந்தாக வேண்டுமே! பிழிந்த சக்கையில் மிளகாயும் புளியும் வைத்து இன்னொரு சுற்று ஓட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இட்லிக்கும் மல்லாட்டைச் சட்னி, தோசைக்கும் மல்லாட்டைச் சட்னி, பொங்கலுக்கும் அதே. மகன் ஆனந்தராஜும் மருமகள் கலைப்பிரியாவும் சென்னையிலிருந்து வந்தால் இரண்டாம் நாளே ஹோட்டலில் சாப்பிட்டுக்கொள்கிறோம் என்பார்கள். காந்திமதி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஆனால் அந்தப் பொய் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் "எங்க சங்கத்துப் பாலு" என்று பெருமையடிக்கும்போதெல்லாம் கூசிப்போவார். உடம்பு தேறட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். தேறினாள். பொங்கல் போகட்டும் என்று நினைத்தார். பொங்கலும் போயிற்று. பிறகு நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளை ஏமாற்றியே அனுப்பிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் இப்போது அவருக்கு இருந்தது. இன்றைக்கு விட்டால் நாளைக்கு இல்லை.

ஒன்பது மணிக்கு லட்சுமியம்மாள் தங்கையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். முழங்கால்வரை சில்லிட்டிருந்தது.

"எதுக்கோ ஏங்கிக்கினு கெடக்குது உசுரு. பால ஊத்திடலாம். ஏ கலை, தெருமுனையில மாடு வெச்சிருக்காங்களே, ஜல்தியா போயி பசும்பால் ஒரு சொம்பு வாங்கியா."

பால் வந்தது. லட்சுமியம்மாள் ஒரு கரண்டி ஊற்றினாள், கடைவாய் வழியாக வழிந்து தலையணைக்குப் போனது. ஆனந்தராஜ் ஊற்றினான், பாதி கழுத்தில் போனது. கலைப்பிரியா ஊற்றியதும் நிற்கவில்லை.

"நீங்க ஊத்துங்க தம்பி" என்றாள் லட்சுமியம்மாள்.

சமையலறை மேடையில் வடிகட்டின மல்லாட்டைப் பால் ஒரு டம்ளர் மூடி வைத்திருந்தது. எதை எடுப்பது? அதை ஊற்றினால் கடைசி வாயும் பொய்யாகப் போகும். இதை ஊற்றினால், இத்தனை நாள் நாக்கு மறந்திருந்த ருசி, ஒருவேளை கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடிக்கட்டும். இனி எந்த வயிறு கெட்டுப்போகப் போகிறது?

அவர் பசும்பாலைக் கரண்டியில் எடுத்தார். காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"காந்தி, இதான்மே பாலு. நான் இத்தினி நாளா குடுத்துக்கினு இருந்தது..."

மீதியைச் சொல்லாமலே பாலைச் சாய்த்தார். அவள் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது.

"எறங்கிடுச்சி! புருஷன் கையாலதான் எறங்கணும்னு இருந்திருக்குது பாரு" என்று லட்சுமியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கால் மணி நேரத்தில் காந்திமதியின் மூச்சு நின்றது.

பந்தல் போட்டார்கள். ஐஸ் பெட்டி வந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, மாலைகள் வந்தன. பெரியதம்பி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வருகிறவர்கள் கையைப் பிடித்தார்கள், பிடித்துக்கொள்ள விட்டார். அழுகை வரவில்லை. ஒரே கணக்குத்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தால், புருஷன் தன்னை ஏமாற்றினான் என்று கடைசி நிமிஷத்தில் தெரிந்துகொண்டு போனாள். விழாவிட்டால், ஏமாந்தபடியே போனாள். இரண்டில் எது தேவலை என்று அவருக்குத் தெரியவில்லை. பாழாய்ப்போன நாக்கு, நேற்றே புரண்டிருக்கக் கூடாதா?

இரண்டு மணி வாக்கில் விழுப்புரத்திலிருந்து அமலா வந்தாள். ஆபரேஷன் சமயத்தில் அவள் புருஷன் சகாயராஜும் அதே ஆஸ்பத்திரியில் அதே வைத்தியத்துக்குப் படுத்திருந்தான். அங்கே தொடங்கின சிநேகிதம், இரண்டு பெண்களும் போனில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அமலா காந்திமதியின் காலடியில் விழுந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியதம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அக்கா உசுரோட இருக்கற வரைக்கும் உங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க."

"இன்னாம்மா?"

"அந்த மல்லாட்டைப் பாலு."

பெரியதம்பி நிமிர்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரும் பால் இல்லாம காப்பி எறங்காதுன்னு ஒரே பேஜாரு. அக்காகிட்ட போன்ல அழுதேன். அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. மொத நாளே ஊறப் போடு, தோல ஒண்ணு விடாம எடுத்துடு, கொதிக்கறப்ப கரண்டிய எடுக்காத, டிகாஷன ஆற வுட்டு ஊத்து, இல்லன்னா திரிஞ்சிக்கும்னு. அந்த முந்திரிக் குருமாகூட அவங்க சொல்லித்தான் செய்யறேன்."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டம்ளர் டம்ளராகக் கொட்டி, அவர் ஒருவராகக் கண்டுபிடித்தவை அத்தனையும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார்.

"அவளுக்கு எப்படிம்மா தெரியும்?"

"மொத நாளே தெரியுமாம். டெஸ்டர் பொண்டாட்டிக்குப் பால் தெரியாதான்னு சிரிச்சாங்க. நடக்க முடிஞ்ச நாள்லல்லாம் கதவுச் சந்துல நின்னு, நீங்க செய்யறதப் பாத்துக்கினே இருப்பாங்களாம். நீங்க திரும்பறதுக்குள்ள போயிப் படுத்துக்குவாங்களாம்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"நானும் கேட்டேண்ணே. சொன்னா அந்த மனுஷன் வெக்கப்பட்டுக்கினு வுட்டுடுவாரு. காலைல ஒருத்தர் எனக்குன்னு எழுந்து பொய் சொல்றாரே, அத நான் ஏன் கெடுத்துக்கணும்னாங்க."

பந்தலுக்கு வெளியே யாரோ பட்டாசுச் சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு கொறைதான் சொன்னாங்க" என்றாள் அமலா. "கோச்சிக்காதீங்க."

"சொல்லு."

"உங்களுக்கு அவசரமாம். ஒரு தரந்தான் வடிகட்டுவீங்களாம், அடியில சக்கை தங்கிடுதாம். நீயாவது ரெண்டு தரம் வடிகட்டுன்னாங்க."

பெரியதம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரார் பாலுக்கெல்லாம் குறை சொல்லித் திரிந்தவரின் பாலை, ஒரு வருஷம் எட்டு மாசம் வாய் திறக்காமல் குடித்து, அவள் டெஸ்ட் பண்ணி வைத்திருக்கிறாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. தோளில் கிடந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அவர் தேம்பித் தேம்பி அழுதார். அன்றைக்கு அவர் அழுத முதல் அழுகை அது. உள்ளே இருந்த பாரம் அத்தனையும் அதோடு இறங்கியது. அமலா பயந்துபோய், "அண்ணே, அண்ணே" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சகாயராஜ் வரலியா?"

"அதோ உக்காந்துக்கினு இருக்காரே."

பந்தல் ஓரத்தில் சகாயராஜ் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தாலும் கண்ணில் தெளிவு இருந்தது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் குடிக்க வேண்டும் என்று அமலா மல்லாட்டைப் பால் ஊற்றிக் கொடுத்த கண்ணாடி பாட்டில் அவன் பக்கத்து நாற்காலியில் இருந்தது, பாதி காலியாக. பெரியதம்பி எழுந்து போனார். எழுந்திருக்கப் போன சகாயராஜைத் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். மறுபக்கம் சாய்த்தார். அடியில் ஒரு துளி சக்கை இல்லை.

"ப்பா, வண்டி வந்துடுச்சி. எடுக்கப் போறாங்க" என்று ஆனந்தராஜ் வந்து கூப்பிட்டான்.

"தோ வர்றேன்."

பாட்டில் மூடியை இறுக்கித் திருகினார். நாற்காலிமேல் வெயில் ஏறியிருந்தது. குனிந்து பாட்டிலை நாற்காலிக்கு அடியில் நிழலாகப் பார்த்து வைத்தார்.

"வெயில்ல வெக்காதம்மா" என்றார் பின்னாலேயே வந்து நின்ற அமலாவிடம். "சீக்கிரம் புளிச்சிடும்."